நான் இளைத்த வருஷம்

மனைவி சென்னைக்குப் போன பிறகுதான் எனக்கு உடம்பு ஊத ஆரம்பித்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு மனசு வரவில்லை. "பச்சப் புள்ளங்க. கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஜங்ஷனில் ரயில் ஏறினாள். பச்சைப் பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, இப்போது வாய் ஓயாமல் பேசுகிறது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. என் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டிலும் இன்றைக்கு இதுதான் நிலைமை. எனக்கு வேலையிலிருந்து நிற்க இன்னும் சில வருஷம் இருந்தது. அதனால் விருத்தாசலத்திலேயே தங்கிவிட்டேன்.

தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான் எங்கள் முக்கியமான சரக்கு. நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மைகளும் செய்வோம். சூளையில் வெந்து வருவதைப் பார்த்து, விரிசல் விட்டதைக் கழித்து, நல்லதைப் பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். பகல் முழுக்க ஆள், பேச்சு, தூசி, லாரி. பகலில் பசி எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை. கொண்டுபோன தயிர்சாதத்தை மத்தியானம் சாப்பிட்டால் அதோடு சரி.

தொந்தரவு சாயங்காலம்தான். வேலை முடிந்து வந்து பூட்டைத் திறப்பேன். காலையில் அவசரத்தில் நாற்காலியில் எறிந்துவிட்டுப் போன துண்டு, எறிந்த வாக்கிலேயே கிடக்கும். குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும், அடியில் காப்பி காய்ந்து போய். இவ்வளவு வருஷமும் நான் எறிந்த துண்டை யார் எடுத்து மடித்தார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். உடனே ஒரு பசி எடுக்கும். எதையாவது எண்ணெயில் பொரித்ததை, சுடச்சுட, நிறையத் தின்ன வேண்டும் போலிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவன் எனக்கு நெருக்கமானான். பக்கத்துக் கம்பெனியில் சூளை போடுகிறவன். எனக்கு ஒத்த வயது. கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் டூவீலரில் வந்து போவான். வருஷக்கணக்காக, எதிரில் பார்த்தால் சிரிக்கிற பழக்கம்தான் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் ரோட்டோரம் நான் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"இன்னாய்யா நிக்கிற? வண்டி ரிப்பேரா?"

"இல்ல. வூட்டுக்குப் போயி இன்னா பண்றதுன்னு நிக்கிறேன்."

அவன் சிரிக்கவில்லை. "வா, ஒரு டீ குடிச்சிட்டுப் போவலாம்" என்றான்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு டீக்கடை. வாசலில் அடுப்பு, பெரிய இருப்புச் சட்டி, பக்கத்தில் இரண்டு பெஞ்சு. வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் நாங்கள் போகிற நேரத்துக்குத்தான் எண்ணெயிலிருந்து ஏறும். அன்றைக்குப் போனவர்கள் அடுத்த நாளும் போனோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பஜ்ஜி, போண்டா, அதற்கு மேல் டீ. பேச்சு நீண்டுவிட்டால் எதிர்க்கடையில் சால்னா ஊற்றி பரோட்டா. அதோடு இரவுச் சாப்பாடும் முடிந்துவிடும். நான் மனைவியைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் சொல்வேன். போனில் வந்த வீடியோவைக் காட்டுவேன். அதே வீடியோவை மறுநாளும் காட்டுவேன். அவன் முதல் தடவை பார்ப்பதுபோலவே பார்ப்பான்.

அவனும் சில நேரம் தன் கதையைச் சொல்வான். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவன் ஊர்ப் பக்கத்து நிலங்களை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார், தம்பி உயிரே போனாலும் மாட்டேன் என்கிறான், நடுவில் இவன். "வூட்டுக்குப் போனாலே இதே பேச்சுதான்யா. சோத்துல கை வச்சா அண்ணன் ஒன்னு சொல்லுவாரு, தம்பி ஒன்னு சொல்லுவான். தட்ட அப்டியே வச்சிட்டு எழுந்துடுவேன்" என்றான் ஒருநாள். நான், "எல்லாம் நல்லபடியா முடியும்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

அவன் ஒல்லி. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. எனக்கு ஒட்டியது. முதலில் சட்டைப் பொத்தான் இழுத்தது. பிறகு கம்பெனி மாடிப்படி ஏறினால் முழங்கால் வலித்தது. டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது என்றார். எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம் என்றார். செய்தி சென்னைக்குப் போன மறுநாளே மனைவி போனில் சட்டதிட்டம் போட்டாள். அரிசியைக் குறையுங்க, காலையில நடங்க, எண்ணெயத் தொடாதீங்க. அதோடு நிற்காமல் வரகும் சாமையும் வாங்கி பார்சலில் அனுப்பினாள்.

நான் எல்லாவற்றையும் செய்தேன். விடிந்ததும் பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்தேன். கோதுமை உப்புமா, சாமைச் சோறு என்று பகலெல்லாம் ஒழுங்காக இருந்தேன். சாயங்காலமானால் பெஞ்சில் உட்கார்ந்து, பகல் முழுக்க விட்டதையெல்லாம் தின்றுவிடுவேன். எடை இறங்கவே இல்லை.

என்னையே கவனிக்க ஆரம்பித்தபோதுதான் ஒன்று புரிந்தது. எல்லா நாளும் ஒரே மாதிரி நான் தின்பதில்லை. மகள், "அப்பா, மீட்டிங் இருக்குது, அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்த அன்று கூடுதலாகத் தின்றேன். சூளையில் ஒரு லாட் முழுக்க விரிசல் விட்டு, முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்திய அன்று, பரோட்டா தட்டில் தீரத் தீர இன்னொன்று போடச் சொன்னேன். வயிறு கேட்கவே இல்லை. வேறு ஏதோ கேட்டது. அதற்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் வயிற்றுக்குக் கொடுத்து அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அளவுக்குப் புரிந்த எனக்கு அடுத்ததும் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. டீக்கடைக்குப் போவதால்தானே தின்கிறேன், போகாமல் இருந்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன்.

அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. பேத்தி எடுத்த ஆம்பிளை, இருநூறு பேர் வேலை செய்கிற இடத்தில் சூப்பர்வைசர், பஜ்ஜியைப் பார்த்தால் கையை அடக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? சிரிப்பான் என்று பயந்தேன். அதனால் பொய் சொன்னேன். முதல் நாள் அவன் போன் செய்தபோது ஓவர்டைம் என்றேன். பிறகு ஜுரம் என்றேன். அப்புறம் வேலை முடிந்ததும் பின்பக்க கேட் வழியாக வண்டியை எடுத்து, ஜங்ஷன் ரோட்டுக்கே போகாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவன் சில நாள் கூப்பிட்டான். மணி அடிக்கும்போது போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நின்ற பிறகு, நாளைக்கு நாமே கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் அந்த நேரத்தைக் கடத்துவது லேசாக இல்லை. வெள்ளரிக்காய் நறுக்கித் தின்றேன். மோர் குடித்தேன். பச்சைப்பயறு வேகவைத்துத் தாளிக்காமல் மென்றேன். அப்படியும் அடங்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் கோயில் வீதிகளுக்குப் போய்விடுவேன். கால் வலிக்க வலிக்கச் சுற்றினால் அந்தப் பசி மெல்ல விலகும். சில நாள் விலகாமல் கூடவே வரும். ஆனாலும் எடை இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு அம்மா, "சார், ரொம்ப எளச்சிட்டீங்க. ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். வேண்டுமென்றே குறைக்கிறேன் என்றேன். "எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார். பெருமையாக இருந்தது. சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன் என்றேன். "அதான் சார் நல்லது. கெட்ட சகவாசமே எண்ணெப் பலகாரந்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து வீடியோ கால் வந்தது. மருமகனுடைய அப்பா சென்னையிலேயே இருப்பவர். பேத்தி அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். மனைவி போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "யாருன்னு சொல்லு, யாருன்னு சொல்லு" என்றாள். பிள்ளை என்னை உற்றுப் பார்த்தது. பிறகு திரும்பி, தான் உட்கார்ந்திருந்த மடிக்காரரின் கன்னத்தைத் தொட்டு, "தாத்தா இது" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். "எளச்சிட்டீங்கல்ல, அதான் அவளுக்கு அடையாளம் தெரியல" என்றாள் மனைவி. நானும் சிரித்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எப்படி வண்டியை எடுத்தேன் என்று நினைவில்லை. டீக்கடைக்குப் போக முடியாது, அங்கே அவன் இருப்பான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்குப் போனேன். ஜாங்கிரி வாங்கினேன், மைசூர்பாக் வாங்கினேன், காரத்துக்கு மிக்சர் வாங்கினேன். பார்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடை ஓரத்தில் நின்று காகிதத் தட்டிலிருந்து அள்ளி அள்ளித் தின்றேன். ருசி தெரியவில்லை. கையெல்லாம் பாகு. நிமிர்ந்தபோது, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். வீட்டுக்குக் காராசேவு வாங்க வந்திருக்கிறான்.

என் வாய் நிறைய இனிப்பு. அவனே பேசினான்.

"ஜுரம்னு சொன்னீங்க. இப்ப பரவால்லீங்களா?"

"பரவால்லய்யா."

"சரிங்க. சாப்புடுங்க. நான் கெளம்பறேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கோபமாகப் பேசவில்லை. குத்தலாகவும் பேசவில்லை. என்னை எப்போதும் "யோவ்" என்றும் "நீ" என்றும் கூப்பிட்டவன், தெருவில் வழி கேட்கிற ஆளிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினான். அந்த ‘ங்க’ என்னைச் சுட்டது. அவனோடு சேர்ந்து தின்ன மனசில்லாமல் தனியாகத் தின்கிறேன் என்றுதான் அவன் நினைத்திருப்பான். வேறு என்ன நினைக்க முடியும்?

மறுநாளே போய் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. அவனும் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. நாள் ஆக ஆக, இனி என்ன சொல்லிக்கொண்டு போவது என்று கூச்சம் வந்துவிட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த ஸ்வீட் ஸ்டால் சம்பவம் என் எடைக்கு நல்லதாகப் போய்விட்டது. இனிப்பைப் பார்த்தாலே அவன் முகம் ஞாபகம் வந்து வாய் கசந்தது. கால் வலி போனது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. மனைவி போனில் எல்லாரிடமும் என்னைக் காட்டி, "தனியா இருந்தே கொறச்சிட்டாரு பாரு" என்றாள்.

டாக்டர் பாராட்டிய தைரியத்தில், இனி ஒரு டீ குடித்தால் தப்பில்லை என்று ஒரு சாயங்காலம் ஜங்ஷன் ரோட்டுக்குப் போனேன். அவன் இருப்பான், பேசிச் சரி செய்துவிடலாம் என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் திகைத்து, பிறகு, "சாரா! பாதியாயிட்டீங்களே" என்றார்.

"நம்ம ஆளு இன்னும் வரலியா?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? அவரு வேலைய வுட்டுட்டுப் போயிட்டாரே. நெலமும் போச்சு, வூடும் போச்சு. அண்ணந்தம்பி ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சிட்டாங்க. இவரு சேத்தியாத்தோப்பு பக்கம் சம்சாரத்தோட ஊருக்கே போயிட்டாரு."

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "போறதுக்கு முந்தி ரொம்ப நாளு இங்க வந்து உக்காந்திருப்பாரு சார். ஒரே ஒரு டீ. பஜ்ஜி எடுத்துக் குடுத்தாலும் வேணாம்பாரு. ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டு எழுந்து போவாரு."

அவனுக்கும் பஜ்ஜி பெரிதாக இருந்ததில்லை. வீட்டில் தட்டை வைத்துவிட்டு எழுந்து வருகிறவனுக்கு, யாரோ ஒருவரோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அவன் வீடு கண்முன்னால் பிரிந்துகொண்டிருந்தபோது நான் கோயிலைச் சுற்றி வேகமாக நடந்துகொண்டிருந்தேன்.

போன் செய்தேன். எடுத்தான். "வாங்களேன் ஒருநாளு" என்றான், சொந்தக்காரரை அழைப்பதுபோல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கம்மாபுரம் தாண்டும்போது தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் தெரிந்தன. அவன் ஊர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் பழகியும் ஒரு தடவைகூட அவன் வீட்டுக்கு நான் போனதில்லை. அழைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு நின்றிருந்தான். முதலில் நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன். எதிரிலேயே நின்றவனை அடையாளம் தெரியவில்லை. ஒல்லியாக இருந்தவனுக்குத் தொப்பை விழுந்து, முகம் உப்பி, கழுத்து சதை போட்டிருந்தது. அவனும் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உங்க சதையெல்லாம் எங்கிட்ட அனுப்பிட்டீங்க போல" என்றான். சிரித்தோம்.

வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், மாமனார் வீட்டை ஒட்டி ஓடு போட்ட இரண்டு அறை. அவன் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் முறுக்கு, அதிரசம். அவன் பேசிக்கொண்டே தட்டில் கை வைத்தான். வைத்த கை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பழக்கமான கை அது.

"பாருங்கண்ணே" என்றாள் அவள். "எந்நேரமும் எதையாவது மென்னுக்கிட்டே இருக்காரு. இங்க வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல. வாசல்ல உக்காந்தா உக்காந்ததுதான். நீங்களாவது சொல்லுங்க. எப்டி எளச்சீங்கன்னு சொல்லிக் குடுங்க."

அவள் உள்ளே போனதும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர்டைம் இல்லை, ஜுரம் இல்லை. "ஒன்னோட உக்காந்தா தின்னுக்கிட்டே இருப்பேன்னு பயந்துட்டேன்யா. சொன்னா சிரிப்பியேன்னு சொல்லல. அன்னைக்கு ஸ்வீட் கடையில நின்னதுகூட, பேத்தி என்ன அடையாளம் தெரியலன்னுட்டுச்சு, அந்த வருத்தத்துல."

அவன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தான். எதிரே நாற்று நட்ட வயலில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இத சொல்லியிருக்கலாங்க" என்றான். "நானும் வெறும் டீய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு பஜ்ஜியா முக்கியம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுக்கப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்த அன்னைக்குக்கூட ஒங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன்" என்றான். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் விட்ட நாள்களில் அதுவும் ஒன்று. அவனே பேச்சை மாற்றி, மழையைப் பற்றியும் இந்தப் போக நெல்லைப் பற்றியும் சொன்னான். மத்தியானம் மீன் குழம்பு. நான் அளவாகத்தான் சாப்பிடுவேன் என்று தெரிந்தும் அவன் மனைவி இன்னொரு கரண்டி சோறு போட்டாள். மறுக்காமல் சாப்பிட்டேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது, "வாரத்துல ஒருநாளு விருத்தாசலம் வாய்யா, சேந்து நடப்போம்" என்றேன். "பாக்கலாங்க" என்றான். அவன் வரவில்லை. அவ்வளவு தூரம் நடக்க வருவதற்கு யாருக்கும் மனசு வராது.

இப்போது என் உடம்பு நன்றாக இருக்கிறது. இளைத்தது இளைத்தபடி நிற்கிறது. வருத்தம் வரும் நாளில் பசியும் கூடவே வருகிறது. அது மட்டும் மாறவில்லை. சில நாள் ஜெயிக்கிறேன். சில நாள் கடையில் நின்று தின்றுவிட்டு வருகிறேன். மனைவியிடம், சாயங்காலம் ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள், "மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க?" என்றாள். மாதத்தில் சில நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து இருந்துவிட்டுப் போகிறாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவனுக்குப் போன் செய்கிறேன். எதையோ மென்றுகொண்டே பேசுவான். என்ன தின்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அண்ணன் பேசினாரா, தம்பி எங்கே இருக்கிறான், இன்றைக்கு எங்கேயாவது வெளியே போனாயா என்று கேட்கிறேன். ஒரு சில நாள் சொல்கிறான். அப்போது மெல்லும் சத்தம் நின்றிருக்கும். மற்ற நாள்களில், "ஒன்னுமில்லீங்க, எல்லாம் அப்டியேதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான்.